இவங்களுக்குத்தான் வண்டி

"இவங்களுக்குத்தான் வண்டி" என்று அப்பா சொன்னதைத் தரகர் நாச்சிமுத்து கேட்டார், அம்மா கேட்டாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெனிட்டாவுக்கு மட்டும் அந்த 'இவங்க' மீன்முள் மாதிரி தொண்டைக்குக் குறுக்கே நின்றுகொண்டது. இவங்க. யார் இவங்க? சூலூர் தாண்டி மெயின் ரோட்டை ஒட்டிய தகரக் கொட்டகைக்குக் கீழே, வரிசையாக நிற்கும் பழைய கார்களுக்கு நடுவில், கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்கும் இவங்க, அம்மா ஜெமிமா, நர்சிங் காலேஜ் டீச்சர், கல்யாணமான நாளிலிருந்து அப்பாவின் வாயில் 'ஏட்டி', 'இவளே', 'எங்கட்டி போன' தவிர வேறு மரியாதை எதையும் காணாத இவங்க. இவளுக்குத்தான் வண்டி என்று சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை. எங்க வீட்டுக்குத்தான் என்று சொல்லியிருந்தால் அதைவிட ஒன்றுமில்லை. ஆனால் இவங்க என்பது பம்புசெட் வாங்க வருகிற தோட்டக்காரர்களிடம் அப்பா பேசுகிற பாஷை, ஆபீஸ் பாஷை, கோயமுத்தூருக்கு வந்த பிறகு கற்றுக்கொண்ட பாஷை. அந்தப் பாஷையைச் செருப்பு மாதிரி வாசலில் விட்டுவிட்டுத்தான் இத்தனை வருஷமும் அவர் வீட்டுக்குள் வந்தார், உள்ளே வந்ததும் சொந்த ஊர் நாசரேத்துக் குரல், கரகரவென்று, பாதி அதட்டலும் பாதி சிரிப்புமாக. குரல் விஷயத்தில் பெனிட்டாவின் காதை ஏமாற்ற முடியாது. பதினேழு வயதுக்குள் அந்தக் காதும் அதற்கடுத்த வாயும் கூட்டுச் சேர்ந்து செய்திருக்கிற அக்கிரமம் கொஞ்சநஞ்சமல்ல: கெமிஸ்ட்ரி மிஸ் குரலில் ஜன்னலுக்கு வெளியிலிருந்து "எவ்ரிபடி டு தி கிரவுண்ட், ஐ ஸே!" என்று கத்தி ஒரு வகுப்பையே வெயிலில் நிறுத்தியவள், அப்பாவின் குரலில் அப்பாவின் ஆபீஸுக்கே போன் போட்டு "எல்லாரும் அரைநாள் லீவு எடுத்துக்கங்கப்பா" என்று சொல்லி, அவர் சாப்பிட்டுவிட்டுப் போனபோது ஆபீஸ் பூட்டிக் கிடக்கும்படி செய்தவள். திருடுகிறவனுக்குத்தான் எந்தப் பொருள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியும். அப்பாவின் ஆபீஸ் குரல் வீட்டு அலமாரிக்கு வந்து கொஞ்ச நாளாகிறது என்பது அவளுக்குத் தெரியும், "தண்ணி எடுத்துத் தர்றீங்களா", "நீங்க சாப்பிட்டாச்சா", ஊரே மெச்சுகிற மரியாதை. இப்போது இந்த வண்டி, ரெண்டாவது வண்டி, அம்மாவுக்குப் பொள்ளாச்சி காலேஜுக்கு வேலை மாறியிருக்கிறது, போக வர வண்டி வேண்டும் என்கிறார்கள், ஆனால் போக வரவா, போகவா? ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி இருந்தது. ரெண்டு வண்டி என்றால் ரெண்டு வீடா? இதை யாரிடம், எந்தக் குரலில் கேட்பது?

வண்டி வெள்ளையும் இல்லை, சாம்பலும் இல்லை. நீலம் போட மறந்த பள்ளிக்கூடச் சட்டையின் நிறம். முன்னாலிருந்து பார்த்தால் சாதாரணக் கார்தான், மற்றக் கார்கள் முடிகிற இடத்தில் இது முடியாமல், சொல்ல வந்ததை எங்கே நிறுத்துவது என்று தெரியாத ஆள் மாதிரி, இன்னும் கொஞ்சம் நீண்டு, அகலமான ஒரு கண்ணாடிக் கதவில் போய் நின்றது. "டேசன் வேகனுங்," என்று ஸ்டேஷன் வேகனைச் சொன்னார் நாச்சிமுத்து, "இப்பத்த வண்டியெல்லாம் டப்பாங், இது அந்தக்காலத்துத் தகடுங், ஒரே கை ஓட்டுனதுங், டாக்டர் ஊட்டு வண்டி, குடும்பத்தையே அள்ளிப் போட்டுட்டுப் பழனிக்குப் போலாம், திருச்செந்தூருக்குப் போலாம்," என்று வந்தவர் அம்மாவின் பொட்டில்லாத நெற்றியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, "வேளாங்கண்ணிக்குப் போலாமுங்" என்று சேர்த்துக்கொண்டார், குடும்ப வண்டிங், குடும்ப வண்டிங் என்று அவர் சொல்லும்போது கடைசியில் அந்த 'ங்' மூக்குக்குள் போய் மணியடித்து நின்றது, பெனிட்டாவின் நாக்கு தானாகவே மேலண்ணத்துக்குப் பின்னால் போய் அந்த 'ங்'கைத் தொட்டுப் பார்த்தது, ஆங், கிடைத்துவிட்டது, இனி நாச்சிமுத்துவும் அவள் பையில். ஆனால் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அம்மா அந்த நேரம் பின்கதவைத் தூக்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, உள்ளே தரையைச் சாண் சாணாக அளந்துகொண்டிருந்தாள். "பொம்மைங்க வைக்கணும்ல," என்றாள், யாரும் கேட்காமலே. நர்சிங் பிள்ளைகள் ஊசி குத்திப் பழகுகிற, நெஞ்சை அமுக்கிப் பழகுகிற ஆள் உயர ரப்பர் பொம்மைகள். கிராமத்து முகாம்களுக்கு அவற்றைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், அதற்குத்தான் இவ்வளவு நீள வண்டி, எல்லாரிடமும் சொல்லப்பட்ட காரணம் அது. பெனிட்டாவுக்கு அந்தப் பொம்மைகளைத் தெரியும். ஒருமுறை அதில் ஒன்றின் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு, "சிஸ்டர்... வலிக்குது சிஸ்டர்... வேற நரம்பு பாருங்க சிஸ்டர்" என்று முனகியதில் முதல் வருஷப் பிள்ளைகள் தட்டைப் போட்டுவிட்டு ஓடி, ஒருத்தி வழுக்கி விழுந்து, அம்மா கோபப்பட வந்து கோபப்பட முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தாள். பொம்மைகளுக்கு இடுப்பு மடங்கும், முட்டி மடங்கும், உட்கார வைத்துக் கூட்டிப்போகலாம். மடங்காத பொருளுக்குத்தான் சாண் வேண்டும். போன வாரம் படுக்கையறையில் அம்மா தன் கல்யாணத்துக்குத் தாத்தா செய்து கொடுத்த தேக்கு நிலைக்கண்ணாடி மேஜையை இதே மாதிரி விரலை விரித்து அளந்துகொண்டிருந்தாள், பெனிட்டா உள்ளே போனதும் அதே கையால் தூசி தட்ட ஆரம்பித்தாள், இல்லாத தூசியை. இப்போது கடைசிச் சாணுக்குப் பிறகும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது போல, அம்மாவின் உதடு 'ம்' என்று மூடிக்கொண்டது. அந்த மேஜைக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்துதான் பெனிட்டா எல்லாக் குரல்களையும் பழகினாள், வாய் எப்படிக் கோணுகிறது, கழுத்து நரம்பு எங்கே துடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து.

"நீங்க தம்பிங்களா, அக்காவுக்கு வண்டி எடுத்துக் குடுக்கறீங்களாக்கு," என்று நாச்சிமுத்து அப்பாவிடம் கேட்டது அப்போதுதான். கேட்டவர் மேல் தப்பில்லை. புருஷன் பெண்டாட்டியை 'இவங்க' என்றும் 'நீங்க ஒக்காந்து பாருங்க' என்றும் சொல்லுகிற வீட்டை அவர் பார்த்திருக்கமாட்டார், அக்காளிடம் தம்பி அப்படிப் பேசுவான், முதலாளியம்மாவிடம் டிரைவர் அப்படிப் பேசுவான், டிரைவராக இருக்க அப்பாவின் சட்டை கொஞ்சம் கூடுதலாகவே தேய்த்திருந்தது, ஆகையால் தம்பி. பெனிட்டாவுக்கு உள்ளே குபுக்கென்று ஒரு சந்தோஷம் கிளம்பியது, சோடா மூடியைத் திறந்த மாதிரி. இதோ இப்போது அப்பா அந்தச் சிரிப்பைச் சிரிப்பார், வயிறு முதலில் குலுங்கி அப்புறம் சத்தம் வருகிற சிரிப்பு, அம்மா வாயைப் பொத்திக்கொண்டு "இவிய எனக்குத் தம்பியாக்கும், நல்லா இருக்கே கத" என்பாள், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், பெனிட்டா நாச்சிமுத்துக் குரலில் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் இதை ஓட்டலாம். காத்திருந்தாள். அப்பா முன் டயரைக் காலால் தட்டினார். அம்மா பின்கதவைச் சாத்தினாள், முதல் தடவை பிடிக்காமல் இரண்டாம் தடவை அழுத்திச் சாத்தினாள். "கதவு கொஞ்சம் டைட்டா இருக்கு," என்றாள் அம்மா. "எண்ண போட்டாச் சரியாயிருமுங்க்கா," என்றார் நாச்சிமுத்து. அவ்வளவுதான், பேச்சு எண்ணெய்க்குப் போய்விட்டது. மறுக்கவில்லையே, ஒருவராவது இல்லை என்று சொல்லவேண்டாமா, வாயில் வந்திருக்குமே, ஒரு 'சீ' என்றாவது. ஒருவேளை காதில் விழவில்லையோ, ரோட்டில் அந்த நேரம் லாரி போனதோ, லாரி போகவில்லை. பழக்க தோஷம், அவள் வாய் சும்மா இருக்காது, இரண்டு எட்டு முன்னால் போய், இருப்பதிலேயே பவ்யமான ஒரு குரலை எடுத்து, "மாமா, நான் பின்னாடி ஒக்காந்துக்கட்டா மாமா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். இதற்காவது. அப்பா திரும்பிப் பார்த்தார், ஒரு நிமிஷம் அவர் முகத்தில் என்னவோ வந்து நின்றது, சிரிப்புக்குப் போகிற வழியில் கால் தடுக்கினது மாதிரி, அப்புறம் "ஏறு" என்றார். மாமாவாகவே ஏறு என்றார். "அம்மிணி நல்ல புள்ளையாட்ட இருக்குது," என்றார் நாச்சிமுத்து. நல்ல பிள்ளையின் காதுமடல் இரண்டும் சுட்டது.

அம்மாதான் ஓட்டினாள். அப்பா பக்கத்து சீட்டில், நாச்சிமுத்து நடு சீட்டில், பெனிட்டா கடைசியில், சாமான் வைக்கிற இடத்தில் பின்பக்கம் பார்த்தபடி விரித்துப் போடுகிற ஒரு குட்டி சீட்டில், முட்டி மோவாயை இடிக்க. காதில் ஹெட்செட்டைச் செருகிக்கொண்டாள், பாட்டு எதுவும் போடாமல். இது அவளுடைய பழைய வித்தை, காதில் வயர் தொங்கினால் பெரியவர்கள் அந்தப் பிள்ளையை நாற்காலி மேஜையோடு சேர்த்துவிடுவார்கள், எதையும் பேசுவார்கள். வண்டி கிளம்பியது. கண்ணாடிக்கு வெளியே ரோடு அவளிடமிருந்து உருவிக்கொண்டு போனது, பாயை யாரோ காலுக்கடியிலிருந்து இழுப்பது மாதிரி: முதலில் கொட்டகை போனது, அப்பாவின் சிவப்புக் கார் சாவியோடு அங்கேயே பிணையாக நின்று சின்னதாகிக்கொண்டே போனது, பஞ்சு மில்லின் மூடிய கேட் போனது, தென்னந்தோப்பு, டயர்க்கடை, எல்லாமே அவளுக்குத் தெரியவரும்போது முன்னால் இருப்பவர்களுக்கு முடிந்துபோயிருந்தது. முன்னால் இருப்பவர்கள் வருவதைப் பார்க்கிறார்கள். அவளுக்குப் போனது மட்டும். வளைவில் என்ன வருகிறது என்று அவர்கள் ரெண்டு பேருக்கும் தெரியும், அவள் வண்டி சாய்வதை வைத்துக் கண்டுபிடிக்கவேண்டும், கொஞ்ச மாதமாக வீட்டிலும் இதே கதைதானே, சாய்வை வைத்துத்தான் எல்லாம். அம்மா கியர் மாற்றினது சத்தமே இல்லாமல், வெண்ணெயில் கத்தி போல். "நல்லா ஓட்டுறீங்களே," என்றார் அப்பா, "எப்பப் படிச்சீங்க?" "சனிக்கிழமைல." "கொயர் பிராக்டீஸ்னு..." "ம்." அதோடு சரி. ஓஹோ, அப்படியென்றால் தெருமுனையில் மஞ்சள் போர்டு மாட்டிக்கொண்டு நிற்கும் அந்த டிரைவிங் ஸ்கூல் கார், அதில் ஒருநாள் அம்மாவின் ஊதா முந்தானை கதவிடுக்கில் மாட்டித் தொங்கினதைப் பார்த்து வேறு யாரோ என்று நினைத்தாளே, யாரோ இல்லை. அம்மா பொய் சொல்லிவிட்டு வண்டி படித்திருக்கிறாள். அப்பா கோபப்படவில்லை. பழைய அப்பாவாக இருந்தால் நடுரோட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, "ஏட்டி, கர்த்தருக்குப் பாட்டுப் படிக்கப் போறேன்னு சொல்லிட்டு கிளட்ச் மிதிக்கவா போன" என்று வானத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பார், அம்மா "ஆமா, மிதிச்சேன், இப்ப என்ன" என்பாள், இரண்டு நாள் சண்டை நடக்கும், மூன்றாம் நாள் அவரே அம்மாவைக் காலி மைதானத்துக்குக் கூட்டிப்போய் ரிவர்ஸ் சொல்லிக்கொடுப்பார். சண்டை போட ஆள் இருக்கிற வீடு. இப்போது "ஓ" என்றார். நல்ல பையன் மாதிரி.

"பூசையெல்லாம் எப்படீங், உங்காளுகளுக்கு உண்டுங்களா?" என்று நாச்சிமுத்து நடுவிலிருந்து கேட்டார். "எலுமிச்சம்பழம், தேங்கா எல்லாம் எங்க பசங்களே வாங்கி வெச்சிருவாங்." அப்பா பழக்கத்தில், "அதெல்லாம் இல்லண்ணே, ஐயரக் கூப்பிட்டு..." என்று ஆரம்பித்து நின்றார். "ஐயருங்களா?" நாச்சிமுத்துவுக்குத் தலை சுற்றியிருக்கவேண்டும். "நீங்க சர்ச்சுக்காரங்கன்னு நெனச்சனுங்களே! நம்ம விநாயகர் கோயில் ஐயரே இருக்காருங், நல்ல மனுசன், ஒரு போன் போட்டாப் போதும்." தெற்கே அவர்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள், அவர் மனைவி ஐயரம்மா, கோயமுத்தூரில் இதைச் சொல்லி மாட்டிக்கொள்வது அவர்கள் குடும்பத்தின் தீராத வேடிக்கை, ஒருமுறை பக்கத்து வீட்டக்கா "உங்க ஐயர் பிரியாணி சாப்பிடறாரு" என்று பதறிக்கொண்டு வந்து சொன்னது இன்றைக்கும் மறக்கவில்லை. அந்தச் சிவப்புக் கார் வந்தபோது ஐயர் வந்தார், அங்கியோடு, பானெட்டின் மேல் கையை வைத்துச் சூடு தாங்காமல் எடுத்து மறுபடி வைத்து, "இந்த நாலு சக்கரத்தையும் உம்முடைய உள்ளங்கையில வச்சுக்கிடும் ஆண்டவரே" என்று இழுத்து ஜெபித்தார், அப்பா ஒரு பக்கம் அம்மா ஒரு பக்கம், நடுவில் கண்ணை மூடாத பெனிட்டா. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அவள் அதே இழுப்பில் மிக்ஸியை ஜெபித்தாள், கேஸ் சிலிண்டரை ஜெபித்தாள், "இந்தத் துடைப்பத்தின் ஒவ்வொரு ஈர்க்கையும்" என்று ஆரம்பித்து அடி வாங்கினாள். ஐயர் கையை வைக்காமல் அந்த வீட்டுக்குள் ஒரு ஸ்டூல்கூட வந்ததில்லை. "ஐயர் வேண்டாம்," என்றாள் அம்மா. "ஐயர் வேண்டாம்," என்றார் அப்பாவும், அதே நொடியில். இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக விழுந்தன, பிசிறு இல்லாமல், கொயரில்கூட இப்படி விழாது. அன்றைக்கு அவர்கள் ரெண்டு பேரும் ஒத்துப்போன வாக்கியம் அது ஒன்றுதான், பெனிட்டா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள், வண்டியின் அதிர்வு பல் வரைக்கும் ஏறியது. ஐயர் சமீபத்தில் வந்தார்தான். வண்டிக்காக வரவில்லை. சாயங்காலங்களில் வந்தார், ஹாலுக்குக் கதவில்லாததால் படுக்கையறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள் மூன்று பேரும், கதவு சாத்தியிருந்தது, கதவில் காதை வைத்த பெனிட்டாவுக்கு ஐயரின் குரல் மட்டும் கேட்டது, "பொறுத்து", "பிள்ளைய நெனச்சு", மறுபடி "பொறுத்து", போகும்போது ஐயர் அவள் தலையில் கையை வைத்தார், பானெட்டில் வைத்தது மாதிரியே, சட்டென்று எடுத்துக்கொண்டார். அவரால் ஆகவில்லை. அதனால்தான் வேண்டாம். அவர் கண்ணை எதிரில் பார்க்க முடியாது அல்லது இந்த வண்டி எதற்கு என்று அவருக்குத் தெரியும், தெரிந்துகொண்டு அதன்மேல் கையை வைக்கமாட்டார். இப்படி யோசித்தால் நேராகப் போய் அங்கே முட்டுகிறது, வேறு மாதிரி யோசித்தாலும் சுற்றிக்கொண்டு வந்து அங்கேயே முட்டுகிறது.

ஒரு பேக்கரி முன்னால் நாச்சிமுத்து நிறுத்தச் சொன்னார். "நான் ஒரு டீ குடிக்கறனுங், நீங்களா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, நான் இருந்தா மனசு விட்டுப் பேசிக்க மாட்டீங்க, குடும்பம்னா நாலும் பேசித்தான முடிவெடுக்கோணும்," என்று இறங்கிக்கொண்டார். பெனிட்டா சீட்டுகளின் மேல் காலைத் தூக்கிப் போட்டு நடு சீட்டுக்கு வந்தாள், அப்பாவுக்கு நேர் பின்னால், டாக்டர் வீட்டின் பழைய வாசனை அந்த சீட்டில் இருந்தது, டெட்டாலும் ஏதோ ஒரு குழந்தையின் பிஸ்கட்டும். கண்ணாடிகள் இறங்கியிருந்தன, காற்று உள்ளே அடித்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. மனசு விட்டுப் பேசினார்கள். "பிரேக் பரவாயில்லையா?" "பரவாயில்ல." "பொள்ளாச்சி ரோடு இப்ப நல்லாப் போட்டிருக்காங்க, கஷ்டம் இருக்காது உங்களுக்கு." "ம். நல்லா இருக்குன்னு சொன்னாங்க." "டயர் மட்டும் மாத்திருங்க." "மாத்திரணும்." ஆஸ்பத்திரி வராந்தாவில் முன்பின் தெரியாத ரெண்டு பேர் பேசிக்கொள்வார்களே, உங்க பேஷண்டுக்கு எப்படி இருக்கு, தேவலை, உங்களுக்கு? யார் அந்த பேஷண்ட், உள்ளே கட்டிலில் யார் கிடக்கிறது? கத்தவேண்டும் போல் இருந்தது. எந்தக் குரலில் கத்துவது என்றுதான் இருந்தது, தன் குரலில் கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள், பதில் சொல்லிவிட்டால் அப்புறம் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. சொல்லாதவரைக்கும் அது இல்லை. இன்றைக்கு ராத்திரி வரைக்கும் இல்லாமல் இருந்தால் நாளைக்கும் இல்லாமல் இருக்கலாம், அப்படி அப்படியே ஒரு வருஷம் தள்ளினவர்கள் உலகத்தில் இல்லையா. அவர்களுக்கு மறந்துபோயிருக்கிறது, அதுதான், வேறொன்றுமில்லை, பழைய குரலை எங்கே வைத்தோம் என்று அப்பாவுக்கு மறந்துபோய்விட்டது, சாவியை வைத்த இடம் மறப்பது மாதிரி, ஒருதரம் காதில் விழுந்தால் போதும், ஆங் இங்கதான இருந்துது என்று எடுத்துக்கொள்வார். அது அவளிடம் இருந்தது. கரகரப்பு, முதல் எழுத்தில் ஒரு இழுப்பு, கடைசியில் மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. அப்பா அம்மாவை வம்புக்கு இழுக்கிறபோது ஜிம்மி என்று கூப்பிடுவார், ஜெமிமாவை ஜிம்மியாக்கி. "நாயப் பேரு வச்சுக் கூப்பிடுதீய, நல்லா இருப்பீயளா" என்று அம்மா தோசைக் கரண்டியைத் தூக்குவாள், தூக்கிய கரண்டி அப்படியே நிற்க முகம் மட்டும் சிவக்கும், அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவர் கூப்பிடுவது, சோற்றைப் பிசைந்துகொண்டே பெனிட்டா அதைப் பார்த்திருக்கிறாள். கடைசியாக எப்போது? நினைவில் வரவில்லை. கடைசித் தடவை என்று யாரும் சொல்லிவிட்டுக் கூப்பிடுவதில்லை.

முன்னால் ஒரு நாற்சந்தி வந்தது. மஞ்சள் பஸ் ஒன்று வலது பக்கமிருந்து திரும்பியது, லாரிக்காரன் ஒருவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை, அம்மா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸையே பார்த்திருந்தாள், அப்பா ஜன்னல் பக்கம் திரும்பித் தோப்பையோ எதையோ பார்த்தபடி இருந்தார். பெனிட்டா குனிந்து, அப்பாவின் தலைக்குப் பின்னாலிருக்கும் திண்டில் வாய் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்து எடுத்தாள். "ஏட்டி ஜிம்மி... பாத்து மெதுவாத் திருப்பு, பஸ்ஸு ஒன் மேல காதல்ல வாரான்." காற்றும் ஹாரனுமாக இருந்ததில் அது நன்றாகவே விழுந்தது, அவள் செய்ததிலேயே மிக நன்றாக விழுந்தது, அவள் முதுகே சிலிர்த்தது. வண்டி ஒரு நொடி தயங்கியது. அம்மாவின் கை கியருக்குப் போய் அங்கேயே நின்றது. வரும், இதோ வருகிறது, நாயப் பேரு வச்சு என்று வரும். பஸ் போய்விட்டது. லாரியும் நின்றுவிட்டது, சத்தமெல்லாம் வடிந்து இந்த இடத்துக்காகவே ஒதுங்கிக்கொண்ட மாதிரி ஆயிற்று. அம்மா ரோட்டைப் பார்த்துக்கொண்டே, உதடு அதிகம் அசையாமல், ரொம்பத் தாழ்ந்த குரலில் சொன்னாள், "இனிமே அப்படிக் கூப்பிடாதிய செல்வின்." அப்பாவின் பெயரை அம்மா சொல்லிப் பெனிட்டா கேட்டதே இல்லை. "அவ ஹெட்செட் போட்டிருக்கா, இருந்தாலும் வேண்டாம். பரிச்ச முடியட்டும், அதுக்கு முன்னால பிள்ளைக்கு ஒண்ணும் தெரியவேண்டாம்னு நீங்கதான சொன்னிய. நான் அங்க, நீங்க இங்கன்னு ஆயிப்போச்சு. இப்பப் போயி அந்தப் பேரச் சொன்னா எனக்குப் போக முடியாது."

அப்பா ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. பக்கக் கண்ணாடியில் அவருடைய கண் மட்டும் தெரிந்தது, அது நகர்ந்து, தேடி, பின்னால் திண்டில் முகத்தைப் புதைத்திருந்த மகளை வந்து பிடித்தது. நான் இல்லையே என்று அவர் சொல்லவேண்டும், அதுதான் உண்மை, சொன்னால் அம்மா திரும்புவாள், எல்லாம் இங்கே இந்த நாற்சந்தியிலேயே உடைந்து கொட்டும், அவள் மாட்டிக்கொள்வாள், மாட்டிக்கொண்டால்கூடப் பரவாயில்லை, அப்பா, சொல்லிரு, நான் இல்லட்டி, இவதான்னு சொல்லிரு. கண்ணாடியில் அந்தக் கண் ஒருதரம் மூடித் திறந்தது. பின்பக்கமாக, சீட்டுக்கும் கதவுக்கும் இடையிலிருக்கும் சந்தில் அவர் கை வந்தது, அவளுடைய முட்டியைத் தேடி அதன்மேல் அமர்ந்தது, ஈரமாக, கனமாக. "சரி," என்றார். "கூப்பிடல. வாயில வந்துட்டு." சொல்லாத வார்த்தைக்கு அவர் அப்படி மன்னிப்புக் கேட்டார், அம்மா "பரவாயில்ல" என்று ஒரு தலையசைப்பில் ஏற்றுக்கொண்டு வண்டியை வலது பக்கம் திருப்பினாள், சீராக, நல்ல கை. பெனிட்டாவின் காது மட்டும் அந்த 'வந்துட்டு'விலேயே நின்றது. அது ஆபீஸ் குரல் இல்லை. அது வீட்டுக் குரல், நாசரேத்துக் குரல், அவள் இத்தனை வருஷம் கண்ணாடி முன் உட்கார்ந்து பழகிச் சற்றுமுன் வெளியே விட்ட அதே குரல்; பக்கத்தில் வைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவள் போட்டது தப்பு. கரகரப்பு சரி, இழுப்பு சரி. ஆனால் அது வயிற்றிலிருந்து வருகிற குரலே இல்லை, அதைவிடக் கீழே, அவளுக்கு எட்டாத ஒரு இடத்திலிருந்து வந்தது, கடைசியில் இப்போதும் மூக்கால் வந்தது, அதைத்தான் சிரிப்பு என்று அவள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.